பாக்ஸிங் சாம்பியனை வீழ்த்த மைசூர்க்காரருக்கு ஒரு கையேடு

நீங்கள் மைசூரின் நட்சத்திர வேகப்பந்து வீச்சாளர் என்று வைத்துக்கொள்வோம். நஜர்பாத்தில் மைலாரி தோசைக்கு உட்கார்ந்தால் பக்கத்து மேஜைக்காரர் செல்ஃபி எடுக்கிறார். எடுத்தவர் சும்மா போகாமல், "உங்க உடம்புக்கு அந்த பாக்ஸிங் சாம்பியனெல்லாம் ரெண்டு ரவுண்டு தாங்க மாட்டான் சார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அது உங்கள் மனசில் உட்கார்ந்துவிட்டது. இனி வீட்டில் யார் சொன்னாலும் கேட்க மாட்டீர்கள். ஆகவே, செய்வதைத் திருந்தச் செய்ய இந்தக் கையேடு.

முதலில் சவால் விட வேண்டும். பத்திரிகையாளர்களைக் கூப்பிடுங்கள், மைசூர் பேட்டா தலைப்பாகை கட்டிக்கொள்ளுங்கள், சாமுண்டீஸ்வரியை வணங்கிவிட்டுப் பேசுங்கள். ஆனால் சாம்பியனைப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். வாய்ச்சண்டையும் அவர் தொழில்தான். 1971-ல் அமெரிக்கக் கூடைப்பந்து நட்சத்திரம் வில்ட் சேம்பர்லேன், முகமது அலியோடு மோதத் தயாராகிச் செய்தியாளர் சந்திப்பு வரை வந்தார். ஏழடி ஓரங்குல உயரம். அலியைவிடப் பத்து அங்குலம் கூடுதல். அலி என்ன செய்தார்? மரம் சாயும்போது வெட்டுகிறவர்கள் போடும் எச்சரிக்கைக் கூச்சலைப் போட்டு அவரை வரவேற்றார் என்று சொல்வார்கள். சேம்பர்லேன் கையெழுத்துப் போடவில்லை. அந்த ஜூலையில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் அலியின் எதிரே வந்து நின்றவர் ஜிம்மி எல்லிஸ். அலியின் ஊர்க்காரர், பயிற்சியில் அவரோடு குத்துப் பழகியவர், தாமே ஒரு முன்னாள் சாம்பியன். அவருக்கே 12-வது ரவுண்டில் ஆட்டம் நிறுத்தப்பட்டது. 1980-ல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் அலியோடு காட்சிப் போட்டி ஆடினாரே, அதே எல்லிஸ்தான். அடி வாங்கவும் அத்தனை வருடப் பழக்கம் வேண்டியிருக்கிறது.

அடுத்தது எதிராளி. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: நேரே சாம்பியனிடம் போய்விடுகிறார்கள். உங்கள் இனத்தவரான ஆண்ட்ரூ ஃப்ளின்டாஃபைப் பாருங்கள். இங்கிலாந்தின் ஆல்ரவுண்டர். 2012 நவம்பரில் மான்செஸ்டரில் தொழில்முறைக் குத்துச்சண்டையில் இறங்கினார். எதிரே ரிச்சர்ட் டாசன் என்ற, அதிகம் பேர் கேள்விப்பட்டிராத அமெரிக்கர். இரண்டிரண்டு நிமிடமாக நான்கே ரவுண்டு. அதிலும் இரண்டாவது ரவுண்டில் ஃப்ளின்டாஃப் கீழே விழுந்தார். எழுந்து, 39-38 என்று ஒரே புள்ளியில் ஜெயித்தார். அதற்குப் பிறகு ரிங் பக்கம் போகவில்லை. இதுவரை கிரிக்கெட் உலகம் இந்தத் துறைக்குக் கொடுத்த ஆகச் சிறந்த யோசனை அதுவே என்பேன்.

எதிராளி சாம்பியனாக இல்லாவிட்டால் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் டங்க் போட்டியை மூன்று முறை வென்ற நேட் ராபின்சன், 2020-ல் ஜேக் பாலோடு மோதி இரண்டாவது ரவுண்டில் குப்புற விழுந்து கிடந்தார். ஜேக் பால் அப்போது யூடியூபர் என்றே அறியப்பட்டவர்.

பயிற்சி. மைசூரில் இருந்துகொண்டு சாமுண்டி மலைப் படிகளை விட்டுவிட முடியுமா? ஆயிரம் படிகள். விடிவதற்கு முன் ஓடுங்கள். பெரிய நந்தி வரை நிற்காமல் ஏறிவிட்டால் நீங்கள் அசகாய சூரர்தான், சாமுண்டி மலை ஏறுவதில். ரிங்கில் மூச்சு வாங்குவது வேறு விஷயம். அடி விழப்போகிறது என்று தெரிந்ததும் பழகாத உடம்பு மூச்சைப் பிடித்துக்கொள்ளும், தோளை இறுக்கும், கண்ணை மூடும். இறுகிய தோள் கிளவுஸைத் தூக்கி வைத்திருந்தே ஓய்ந்துபோகும். ஒரு ரவுண்டின் மூன்று நிமிடம் என்பது ஓவர்களுக்கு நடுவில் ஃபைன் லெக்கில் நின்று ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போடும் மூன்று நிமிடம் அல்ல. இரண்டாவது ரவுண்டில் கை தானாக மோவாயை விட்டு இறங்கும். சாம்பியன் அதுவரை உங்களைச் சுற்றி வந்துகொண்டிருந்தது அதற்காகத்தான்.

உங்களிடம் பலம் இல்லை என்று சொல்லவில்லை. குத்தின் பலம் கையில் பிறப்பதில்லை. பின்னங்கால் தரையை உந்தி, இடுப்பு திரும்பி, தோள் வழியாகக் கடைசியில்தான் முஷ்டிக்கு வருகிறது. பந்து வீசும்போது உங்கள் உடம்பிலும் ஏறத்தாழ அதுதான் நடக்கிறது. ஆனால் நீங்கள் அதற்கு இருபது மீட்டர் ஓடி வருகிறீர்கள். ரிங்கின் மொத்த அகலமே சுமார் இருபது அடி. ஓட்டத்தைத் தொடங்க வேண்டுமானால் மூன்றாவது வரிசை நாற்காலிகளிலிருந்து தொடங்க வேண்டும். தவிர, இதுவரை உங்களிடம் அடிபட்டதெல்லாம் பந்து.

சரி, விதியை மாற்றிப் பார்ப்போம் என்றால் அதற்கும் முன்னுதாரணம் உண்டு. 1976-ல் டோக்கியோவில் மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோக்கி, அலியின் எதிரே மல்லாந்து படுத்துக்கொண்டு காலாலேயே உதைத்தார். பதினைந்து ரவுண்டும். படுத்திருப்பவரைக் குத்த முடியாமல் அலி சுற்றிச் சுற்றி வந்தார். அவர் கால்கள்தான் வீங்கின. ஆட்டம் டிரா. காசு கொடுத்து வந்த கூட்டம் கையில் கிடைத்ததை ரிங்கில் எறிந்தது. தோற்கவில்லை என்று நீங்கள் பெருமைப்படலாம். கல்யாண வீட்டில் படுத்துக்கொண்டே சாப்பிட்ட பெருமை அது.

சண்டையே தொழிலான கலப்புச் சண்டைக்காரர்கள் கொஞ்சம் பரவாயில்லை. ஃபிரான்சிஸ் எங்கானு 2023-ல் ரியாதில் குத்துச்சண்டை சாம்பியன் டைசன் ஃபியூரியை மூன்றாவது ரவுண்டில் தரையில் உட்கார வைத்தார். புள்ளியில் மயிரிழையில் தோற்றார். நான்கு மாதம் கழித்து இன்னொரு குத்துச்சண்டைக்காரரான ஆன்டனி ஜோஷுவா இரண்டே ரவுண்டில் அவரைத் தூங்க வைத்தார். ஜோஷுவா முதல் சண்டையின் வீடியோவைப் பார்த்திருப்பார் அல்லவா. கானர் மெக்ரிகரோ 2017-ல் குத்துச்சண்டைக்காரர் மேவெதரிடம் பத்தாவது ரவுண்டு வரை நின்று தோற்று, அறிவித்த தொகையாகவே 3 கோடி டாலர் வாங்கிக்கொண்டு வீடு போனார். இந்தக் கையேட்டில் மனப்பாடம் செய்ய வேண்டிய பத்தி ஒன்று உண்டென்றால் இதுதான்.

இத்தனைக்குப் பிறகும் ரத்தம் கொதிக்கிறதா? அதற்கு லாஸ் வேகாஸ் எதற்கு? தசரா இருக்கிறது. விஜயதசமி காலையில் மைசூர் அரண்மனைக்குள் வஜ்ரமுஷ்டி காளக என்னும் மற்போர் நடக்கும். மைசூர், பெங்களூரு, சென்னபட்டணா, சாமராஜநகர் ஊர்களைச் சேர்ந்த பரம்பரை மல்லர்களான ஜெட்டிகள் ஜோடி ஜோடியாக இறங்குவார்கள். மொட்டைத்தலை, உச்சியில் சிறு குடுமி, வலக்கை விரல்களில் முள் வைத்த வஜ்ரமுஷ்டி என்ற ஆயுதம். கிளவுஸ் இல்லை, புள்ளி இல்லை, ரவுண்டு இல்லை. யார் தலையிலாவது ரத்தம் எட்டிப் பார்த்ததும் உஸ்தாதுகள் பாய்ந்து பிரித்துவிடுவார்கள். பெரும்பாலும் நீங்கள் செல்போனில் கேமராவைத் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதன் பிறகுதான் அரச குடும்பத்தார் வன்னி மர பூஜைக்குப் புறப்படுவார்கள்.

இது மைசூர் தசராவைவிடப் பழைய சங்கதி. உடையார்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தசரா தொடங்கியது 1610-ல். அதற்கு முன்பே, விஜயநகரத்து மகாநவமியைப் பார்த்த போர்த்துகீசியர் டொமிங்கோ பாயஸ், அங்கே மல்லர்கள் மோதியதில் பல் உடைந்ததையும் கண் போனதையும் எழுதி வைத்திருக்கிறார்.

உங்களுக்கு இது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள். பன்னிரண்டு ரவுண்டு அவமானம் இல்லை. தோற்றாலும் மங்கல காரியம். சிந்திய ஒரு சொட்டும் தேவிக்கு என்று கணக்கு. ஜெட்டிகள் பரம்பரையாக எலும்பு முறிவுக்கும் மூட்டு நழுவலுக்கும் பேர் போனவர்கள் என்பதால் அடித்தவரிடமே வைத்தியமும் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு சிக்கல். அதில் இறங்க ஜெட்டி குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும். உங்கள் விக்கெட் கணக்கைக் காட்டினால் காவலர் உங்களைப் பார்வையாளர் பக்கம் அனுப்புவார், மரியாதையோடு. தசரா குஸ்திக்குப் போகலாம் என்றால், தொட்டகெரே மைதானத்து தேவராஜ் அரஸ் ஸ்டேடியத்தில் 'தசரா கேசரி' பட்டத்துக்கு வருபவர்கள் சிறுவயது முதல் கரடிமனை என்னும் குஸ்திக் கூடத்தின் செம்மண்ணில் புரண்டவர்கள். அங்கே உங்கள் புகழ் அரை நிமிடம் தாங்கும்.

மிச்சம் இருப்பது உங்கள் ஊர்க்காரர் காட்டிய வழி. ஜவகல் ஸ்ரீநாத் டெஸ்டில் 236, ஒருநாள் ஆட்டங்களில் 315 விக்கெட் எடுத்தார். அந்தத் தோளோடு அவர் எந்த ரிங்கிலும் ஏறவில்லை. 2006-ல் ஐ.சி.சி. மேட்ச் ரெஃப்ரி ஆனார். மைதானத்தில் முறைத்துக்கொள்பவர்களுக்கு அபராதம் எழுதுவதும் அந்த வேலையில் சேர்த்தி. மைசூர் எஸ்.ஜே.சி.இ. கல்லூரியில் இன்ஜினியரிங் படித்தவர் இல்லையா.