கால் பவுன் ஊசி

நடுத்தர விலை என்று ஒரு விலை உலகத்தில் எங்குமே கிடையாது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். தாம் விற்க நினைக்கும் சாமானுக்கு மேலே கண்ணைப் பறிக்கும் ஒன்றையும் கீழே மனசுக்கு ஒவ்வாத ஒன்றையும் கடைக்காரர் தாமே அடுக்கி வைத்திருப்பதால், அந்தச் சாமான் எப்போதும் நட்டநடுவில் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. மத்தியதர வர்க்கத்தில் பிறந்து, மத்தியதர வர்க்கத்திலேயே பென்ஷன் வாங்குகிறவன், வேறு எங்கும் பார்க்காமல் நேரே போய் அதன் காலில் விழுகிறான். 40,000 ரூபாய்க்குள் ஒரு டர்ன்டேபிளும் அதற்கு இசைவான கார்ட்ரிட்ஜும் வாங்குவதென்று நான் சங்கற்பம் செய்துகொண்ட பிறகு, 20,000 ரூபாய் யந்திரத்தை 'விளையாட்டுச் சாமான்' என்றும், ஒன்றரை லட்ச ரூபாய் யந்திரத்தை 'ஆரம்ப நிலை' என்றும் ஒரே மூச்சில் வர்ணித்த மகானுபாவரையும் தரிசித்தேன்.

இந்த வயதில் இந்த ஆசை எதற்கு என்று கேட்பவர்களுக்கு எங்கள் பரணைத்தான் காட்ட வேண்டும். என் மாமனார் விட்டுச் சென்ற தகரப் பெட்டி ஒன்று அங்கே இருக்கிறது. அதற்குள் 1963-ல் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி வெளிவந்த வேங்கடேச சுப்ரபாதமும், மாலியின் புல்லாங்குழலும், 'திருவிளையாடல்' படத்தின் கதை வசனமும், எல்லாவற்றுக்கும் அடியில், பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குள் ஒரு கீர்த்தனையை அடித்துத் துவைத்து முடித்துவிடும் அரக்குத் தட்டுகள் சிலவும், கல்கத்தா டம்டம் ஆலையின் முத்திரையோடு உறங்குகின்றன. பெட்டி என் மனைவியின் பிதுரார்ஜிதம். ஆகையால் யந்திரம் வாங்கும் செலவு என்னுடையது, அதைப்பற்றிய அபிப்பிராயம் அவளுடையது என்று வீட்டில் தொடக்கத்திலேயே தீர்மானமாயிற்று.

அம்பத்தூரில் மின்சார ரயிலேறினால் வண்டி போய் நிற்குமிடத்துக்கு இன்றைக்கும் மூர் மார்க்கெட் என்றுதான் பெயர். பழைய ரெக்கார்டு, பழைய புஸ்தகம், பழைய கிராமபோன் என்று பழசாகிவிட்ட எதையும் விற்ற அந்தச் சந்தை 1985-ல் தீக்கிரையாகிவிட்டபடியால், இப்போது அங்கே இறங்குகிறவனுக்குக் கிடைப்பது பிளாட்பாரம் மட்டுமே. ஆகவே, மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்தேன். அங்கே கிடைத்த யோசனைகளைக் காட்டிலும், எங்கள் பக்கத்தில் இலவசமாகக் கிடைத்தவை அதிகம்.

அடுத்த வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு டூல் ரூமில் ஆயுள் முழுவதையும் கழித்தவர். டர்ன்டேபிள் என்பது படுத்துக்கொண்டிருக்கும் லேத், அவ்வளவுதான் என்பது அவருடைய சித்தாந்தம். பேரிங் சரியாக இருக்கிறதா, தட்டு ஆடாமல் சுற்றுகிறதா, இவ்விரண்டையும் பார்த்தால் போதும், மற்றதெல்லாம் வார்னிஷ் என்பார். கடைக்கு என்னோடு வந்தவர், சட்டைப் பையிலிருந்து டயல் கேஜை எடுத்து, சுற்றிக்கொண்டிருந்த தட்டின் விளிம்பில் வைத்தபோது, "சார், இதற்கெல்லாம் வாரண்டி கிடையாது" என்று விற்பனைப் பையன் நடுங்கிப்போனான். முள் அசைந்த அசைவைக் கண்டு எங்கள் நண்பர் முகத்தில் படர்ந்த கருணையை என்னால் மறக்க முடியாது.

ஆவடி நண்பரின் பார்வை வேறு. விஜயந்தா டாங்கிகள் உருவான தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்தவரானபடியால், டன் கணக்கில் எடை இல்லாத எந்த யந்திரத்தின் யோக்கியதையிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. "எத்தனை கிலோ?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. தட்டு கனமாக இருந்தால் வேகம் ஒரே சீராக நிற்கும் என்பது உண்மையாதலால், அவரை நான் மறுத்துப் பேசவில்லை.

ஆனால் அவருடைய உண்மையான உபகாரம் வேறொன்று. அமெரிக்காவிலிருக்கும் மகள் அனுப்பிய பெல்ட் டர்ன்டேபிள் ஒன்றை அவர் வைத்திருந்தார். அந்த ஊர் மின்சாரம் 120 வோல்ட் என்பதை அறிந்து, நம் 230 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்க டிரான்ஸ்பார்மரும் வாங்கி மாட்டியிருந்தார். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர, விநாடிக்கு 50 தடவை மாறும் நம் மின்சாரத்தை அவர்களுடைய 60 ஆக்கித் தராது. அந்தப் பழைய மோட்டாரோ, மின்சாரம் தாளம் போட்டால் அந்தத் தாளத்துக்கே சுற்றும் ஜாதி. ஆகவே நிமிஷத்துக்கு 33⅓ சுற்றுச் சுற்ற வேண்டிய தட்டு 28-க்கும் குறைவாகச் சுற்றியது. 20 நிமிஷப் பக்கம் 24 நிமிஷம் ஓடியது. 5-க்கு 6 என்ற இந்த விகிதம், நம் சங்கீத சாஸ்திரத்தில் ஷட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள விகிதமேயாதலால், ஐந்து கட்டையில் பாடிய அம்மாள் அபசுரமின்றி, சாஸ்திரோக்தமாக, மூன்று கட்டைக்கு இறங்கி, புருஷக் குரலில் பாடிக்கொண்டிருந்தார். "அந்தக் காலத்து விளம்பகாலம் ஐயா, இப்போது யாருக்கு வரும்!" என்று கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிய ஆவடி நண்பரிடம் மேற்படி கணக்கைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெல்ட் யந்திரங்களில் குறையொன்றும் இல்லை. ரேகா, புரோஜெக்ட் ஆகிய கம்பெனிகள் அவற்றால்தான் பெயரெடுத்தன. இக்காலத்தில் அவற்றிலும் பல மின்சாரத்தின் தாளத்தை நம்பியிருப்பதில்லை. ஆயினும் நான் நேரடி மோட்டார் வகையையே வரித்தேன். மோட்டாரின் அச்சே தட்டின் அச்சாக இருந்து, ஒரு படிகத்தின் அதிர்வு வேகத்தைக் கட்டுப்படுத்துவதால், எங்கள் தெரு மின்சாரம் அந்தி நேரத்தில் ஆடும் ஆட்டம் அதைத் தீண்டாது. அதோடு நான் எடுத்ததில் அரக்குத் தட்டுகளுக்கு வேண்டிய 78 சுற்றும் உண்டு. மின்சாரமே போய்விட்டால் மட்டும், பாகவதர் எவராயினும், படிப்படியாக மந்தர ஸ்தாயியைத் தாண்டிப் பாதாளத்துக்கு இறங்கி மறைவார். அதை எந்தப் படிகமும் தடுக்காது.

எஞ்சியது கார்ட்ரிட்ஜ். விரல் நுனியளவுள்ள இந்தப் பெட்டிக்குள்தான் சகல வேதாந்தமும் இருக்கிறது. காந்தம் அசையும் ஜாதி ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிவோல்ட் தரும். கம்பிச்சுருள் அசையும் ஜாதி பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்குதான் தரும், விலையைப் பன்மடங்காக வாங்கும். இரண்டுக்குமே தனி முன்பெருக்கி வேண்டும். தட்டில் மேளத்தின் கனத்த ஒலியைக் குறைத்தும் தாளத்தின் கூரிய ஒலியைக் கூட்டியும் வெட்டியிருப்பதைத் திருப்பிச் சரி செய்கிறவர் அவர். அவரைக் கலந்து ஆலோசிக்காமல் நேரே பெருக்கியில் செருகினால், நாதஸ்வரம் கொசுவாகக் கேட்கும்.

ஊசி வைரத்தாலானது என்று தெரிந்ததும் என் மனைவி சமையலறையிலிருந்து வெளியே வந்தாள்.

"என்னங்க, யந்திரத்துக்கு வைரமா?"

"மண்ணில் கிடைக்கிற வைரம் இல்லை, செயற்கையாகச் செய்கிறார்கள். அதுவும் கண்ணுக்கே தெரியாது."

"எனக்கு வாங்கிக் கொடுத்ததும் அப்படித்தானே இருந்தது" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அந்த வைரத்தின் முனையை உருண்டையாகத் தீட்டலாம், நீள்வட்டமாகத் தீட்டலாம், ஷிபாட்டா என்ற ஜப்பானியர் பெயரால் வழங்கும் கூர்மையான வடிவிலும் தீட்டலாம். கூர்மை ஏற ஏறப் பள்ளத்தின் நுண்ணிய எழுத்துகளையும் படிக்கும். ஆனால் மயிரிழை கோணலாகப் பொருத்தினாலும் மூர்க்கமாகக் கோபித்துக்கொள்ளும். ஆகையால் காந்தம் அசையும் ஜாதியான ஆடியோ டெக்னிக்கா வி.எம்.95 வரிசையில் நீள்வட்டத்தோடு தொடங்கினேன். உடலை வைத்துக்கொண்டு ஊசியை மட்டும் பின்னால் உயர்த்திக்கொள்ளலாம் என்பது மத்தியதரனுக்கு மெத்தப் பொருத்தமான ஏற்பாடு. அரக்குத் தட்டின் பள்ளம் அகலமானது, எல்.பி.க்குரிய நுனி அதன் அடியில் புரண்டு இரைச்சலை வாரும் என்பதால், ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு ஆரமுள்ள நுனி கொண்ட ஊசி அதற்குத் தனியாக வேண்டும். அதையும் வாங்கியே தீரவேண்டும் என்று மாமனாரின் வாரிசு உத்தரவிட்டாள். 40,000 என்ற சங்கற்பம் அந்த இடத்தில் காலமாயிற்று.

கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி மேஜையைச் சமன் செய்தபின், ஊசியின் பாரத்தை நிர்ணயிக்க வேண்டியிருந்தது. நிர்மாணித்தவர்கள் விதித்தது 2 கிராம். லேசாக வைத்தால் தட்டுக்கு நல்லது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் பாரம் குறைந்தால் ஊசி பள்ளத்தில் துள்ளிச் சுவரை இடிக்கும். பவுன் 8 கிராமாகையால் நமக்கு வேண்டியது கச்சிதமாகக் கால் பவுன் என்று கண்டுகொண்டு, பூந்தமல்லியில் எங்களுக்கு வாடிக்கையான பத்தரை, அவருடைய சின்னத் தராசோடு வருந்தி அழைத்து வந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, யந்திரத்தின் கையைத் தராசில் இறக்கி, பின்னெடையை நான் திருகத் திருக, "இன்னும் ஒரு நெல்லிடை... போதும்" என்று கல்யாண நகைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"இது தேயுமா?" என்று கேட்டார்.

"தேயும். ஆயிரம் மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டியிருக்கும்."

"அப்போது சேதாரம் யார் கணக்கில்?"

என் மனைவி உள்ளேயிருந்தே பதில் சொன்னாள்: "அவர் கணக்கில்தான் பத்தரே. செய்கூலியும்."