மௌனகுருவும் எட்டு மின்விசிறிகளும்

இரவு பதினொன்றரை மணி. மே மாதம். வேளச்சேரியில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் சீலிங் ஃபேன் நிற்கிறது. கரண்ட் போகவில்லை, மௌனகுருதான் நிறுத்தியிருக்கிறார். அடுத்து ஃபிரிட்ஜ். "பால் கெட்டுப்போயிடும்டா" என்று உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல். "ரெண்டே நிமிஷம்மா" என்றபடி மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய், கம்ப்யூட்டர் கேபினட்டின் விலாவில் ஒரு காதை ஒட்டி, இன்னொரு காதை விரலால் அடைத்துக்கொள்கிறார். நெற்றி வியர்வை தரையில் சொட்டுகிறது. எங்கிருந்தோ மெல்லிசாக ஒரு 'ங்ங்ங்' வருகிறதாம். வீட்டில் வேறு யாருக்கும் அது கேட்டதில்லை.

மௌனகுரு என்பது நண்பர்கள் வைத்த பெயர். கேமிங் பிசி கட்டுகிறவர்களில் மூன்று கட்சி உண்டு. வேகக் கட்சிக்காரன் எத்தனை ஃபிரேம் வருகிறது என்று கேட்பான். விளக்குக் கட்சிக்காரனுக்குக் கேபினட்டுக்குள் தினமும் தீபாவளி நடக்க வேண்டும். மூன்றாவது கட்சிக்குச் சத்தமே கூடாது. ஆள்பலத்தில் மிகச் சிறிய கட்சி இதுதான். ஆனால் அமைதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மற்ற இரண்டு கட்சியும் எழுந்து போன பிறகும் நிறுத்த மாட்டார்கள்.

இந்த நோய் வரும் விதம் வேடிக்கையானது. பெரிய சத்தத்தை ஒழித்தால் அதுவரை அதன் பின்னால் ஒளிந்திருந்த சின்னச் சத்தம் வெளியே வரும். மௌனகுரு முதலில் ஒழித்தது நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கை. எஸ்எஸ்டி வந்ததும் கிராபிக்ஸ் கார்டின் இரைச்சல் கேட்டது. அதை அடக்கியதும், பிசிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன். லோடு குறைவாக இருக்கும்போது ஃபேனே சுற்றாத எஸ்எம்பிஎஸ்ஸாகப் பார்த்து மாற்றினார். அப்புறம்தான் காயில் வைன் தலைகாட்டியது. கார்டில் இருக்கும் மின்சுருள்கள் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப அதிர்ந்து எழுப்பும் கீச்சொலி அது. கேமின் மெனு திரையில் வேலை ஏதுமில்லாமல் நொடிக்கு நூற்றுக்கணக்கில் ஃபிரேம் ஓடும்போது உச்சத்துக்குப் போகும். மானிட்டரின் 144 ஹெர்ட்ஸுக்கு மேல் ஃபிரேம் போகாதபடி கடிவாளம் போட்டதும் பெரும்பாலும் அடங்கியது. அடங்கிய அன்று இரவே யுபிஎஸ்ஸின் உறுமல் கேட்டது. அதை பால்கனிப் பக்கம் தள்ளிய பிறகு சுவர்க் கடிகாரத்தின் முறை. கடிகாரம் இப்போது அம்மாவின் அறையில் இருக்கிறது.

ஆளைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் அவருடைய கணக்கு பிசகாது. "சத்தத்தைக் குறைக்க அலையாதே, முதல்ல சூட்டைக் குறை" என்பதுதான் அவர் கொடுக்கும் முதல் உபதேசம். பிசி இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் வெப்பமாகி அறைக்குள்தான் வந்து சேர வேண்டும். இன்டெலின் 14900கே பிராசசர் முழு மூச்சில் 253 வாட் வரை இழுக்கும். ஏஎம்டியின் 7800எக்ஸ்3டிக்கு 120 வாட் என்று போட்டிருந்தாலும், கேம் ஆடும்போது அதைவிட நன்றாகவே குறைவு, ஆட்டத்திலோ பின்வாங்காது. கிராபிக்ஸ் கார்டிலும் இதே கதை. 4090 என்றால் 450 வாட், 4060 என்றால் 115. "நானூத்தம்பது வாட்டை ரூமுக்குள்ள விட்டுட்டு அமைதி வேணும்னா எப்படி?" என்பார். இருக்கும் கார்டையே அண்டர்வோல்ட் செய்து, அதாவது அதற்குப் போகும் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கி, நாலைந்து ஃபிரேம் இழப்பில் கணிசமான சூட்டைக் குறைத்துக் காட்டுவார். பார்ப்பவர்கள் அசந்துபோவார்கள்.

இரண்டாவது உபதேசம் ஃபேனைப் பற்றியது. ஒரே ஃபேனின் சுழற்சியைப் பாதியாக்கினால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதியாகிவிட்ட மாதிரி இருக்கும். காற்றும் பாதியாகும்தான்; அதற்குத்தான் பெரிய ஃபேனாக, நாலைந்தாகப் போட்டு எல்லாவற்றையும் மெதுவாக ஓட்டுவது. ஃபேன் கூடினால் சத்தமும் கூடாதா என்று கேட்டால் அவர் முகம் மலரும். ஒரே மாதிரி இரண்டு ஃபேன் சேர்ந்து ஓடினால் கூடுவது 3 டெசிபல்தான். இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவர் அவர். இப்படித்தான் கேபினட்டில் மூன்று, பிராசசர் கூலரில் இரண்டு, கார்டில் இரண்டு, எஸ்எம்பிஎஸ்ஸில் ஒன்று என்று அமைதிக்காக எட்டு ஃபேன்கள் அவர் வீட்டில் சேர்ந்தன.

சனிக்கிழமை சாயங்காலம் ரிச்சி தெருவுக்குப் போனால் அவரைப் பார்க்கலாம். கவுன்டரில் இருக்கும் பையன், "ஜி, ஆறு ஃபேன் காம்போ வந்திருக்கு, ரிமோட்டோட" என்று பெட்டியை எடுத்து வைப்பான்.

"நாலு பின்னா, மூணு பின்னா?"

"லைட்டு சும்மா பளபளன்னு எரியும் ஜி."

"பேரிங் என்னப்பா?"

"கலர் மாத்திக்கலாம் ஜி."

மௌனகுரு விட மாட்டார். ஃபேனை மாட்டி ஓட்டச் சொல்லி, காதருகே பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வார். வெளியே ஆட்டோ ஹாரன், ட்ரைசைக்கிள்காரரின் "ஓரம் ஓரம்", பக்கத்துக் கடையில் யாரோ சோதிக்கும் நூறு வாட் ஸ்பீக்கர். "இன்னொரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார். "என்ன ஜி, நாடி பாக்குறீங்களா?" என்று பையன் கேட்டதற்கு அவர் சிரிக்கக்கூட இல்லை.

அவருடைய குலதெய்வம் ஆஸ்திரியாவில் இருக்கிறது. 2005இல் தொடங்கிய நாக்டுவா கம்பெனியின் சின்னம் ஆந்தை. சத்தமில்லாமல் பறக்கிற பறவை என்று அதற்கும் ஒரு பிரசங்கம் வைத்திருக்கிறார். அந்தக் கம்பெனியின் ஃபேன்கள் ஃபில்டர் காபியையும் மேரி பிஸ்கட்டையும் பக்கத்தில் வைத்த நிறத்தில் இருக்கும். அந்த நிறத்தைப் பார்த்து விளக்குக் கட்சி சிரித்தால் அவருக்குக் கோபம் வரும். 2018இல் வந்த 120 மில்லிமீட்டர் ஃபேனில் இறக்கையின் நுனிக்கும் சட்டத்துக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளிதான் என்பதைச் சொல்லும்போது, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டினாற்போல் பிடித்து, அந்தச் சந்து வழியாக விளக்கை ஒரு தடவை பார்த்துக்கொள்வார்.

அதே கம்பெனியின் என்எச்-டி15 கூலர் இரண்டு ஃபேனோடு சேர்த்து 1 கிலோ 320 கிராம், உயரம் 165 மில்லிமீட்டர். அவருடைய அப்போதைய கேபினட்டில் 160தான் இடம். ஐந்து மில்லிமீட்டருக்காகக் கேபினட்டையே மாற்றினார். அப்போது வாங்கியது உட்பக்கம் கனமான ஃபோம் ஒட்டி, முன்புறம் முழுக்க மூடிய ரகம். சத்தத்தை உள்ளேயே அடைக்கும் என்பது நம்பிக்கை. அது சூட்டையும் சேர்த்தே அடைத்தது. சூடு ஏற ஏற ஃபேன்கள் வேகமெடுத்து முன்னைவிட அதிகமாக இரைந்தன. இப்போது முன்னால் முழுக்க வலை போட்ட கேபினட் வைத்திருக்கிறார். மெட்ராஸ் தூசிக்கு மாதம் ஒரு முறை ப்ளோயர் போட வேண்டியிருக்கிறது. அந்த ஐந்து நிமிட ஊளையை மட்டும் அவர் சத்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தெர்மல்ரைட் கம்பெனியின் பியர்லெஸ் அசாசின் கூலர் ஐயாயிரத்துக்குள்ளேயே ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறதே என்று நண்பர் ஒருவர் கேட்டுவிட்டார். உண்மைதான். செலவை யோசிக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மௌனகுரு அதை மறுக்கவில்லை, "ஆனா அந்த சுருதி வேற" என்றார். அதற்குமேல் யாரும் வாதாடவில்லை. தண்ணீர் ஓடும் ஏஐஓ கூலர் என்றால் மட்டும் அவருக்குத் தீராப் பகை. அதில் ஃபேனுக்கு மேலே பம்ப் சத்தம் வேறு. ரேடியேட்டரைத் தாழ்த்தி மாட்டி, பம்ப் உச்சியில் இருந்துவிட்டால் காற்றுக் குமிழி அங்கே போய்க் களகளக்கும்.

கல்யாண வீடுகளில் அவர் தவறாமல் சொல்லும் கதை 2003ஆம் ஆண்டைச் சேர்ந்தது. என்விடியாவின் ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா கார்டு போட்ட இரைச்சலில் 'டஸ்ட்பஸ்டர்' என்றே அதற்குப் பெயர் விழுந்தது. கடைசியில் என்விடியாவே தன்னைக் கிண்டலடித்து ஒரு வீடியோ எடுத்தது. காய்ந்த இலைகளை ஊதித் தள்ளும் கருவியாக அந்தக் கார்டு அதில் நடித்தது. பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு இது புரிந்ததா என்பதைப் பற்றி மௌனகுரு கவலைப்படுவதில்லை. ரசம் வருவதற்குள் முடித்துவிடுவார்.

எல்லாம் சரி, கோடை என்று ஒன்று இருக்கிறதே. எந்த ஃபேனும் எந்த ஹீட்சிங்க்கும் அறையின் வெப்பத்துக்குக் கீழே எதையும் குளிர்விக்க முடியாது. அறையே 34 டிகிரி இருந்தால், 21 டிகிரி அறையில் சோதித்து எழுதிய ஐரோப்பிய எண்களோடு 13 டிகிரியைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். அக்னி நட்சத்திரத்தில் வியன்னாக்காரன் என்ன செய்வான்? ஆகவே பிசி சத்தமில்லாமல் ஓட வேண்டும் என்பதற்காக மௌனகுரு ஏசி போடுகிறார். ஏசி போடும் சத்தத்தில் பிசி இருப்பதே தெரிவதில்லை. இதை அவர் மனைவி ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னார். "ஏங்க, அதுவும் இல்லாம ஆடறப்ப ஹெட்போன் வேற மாட்டிக்கறீங்களே?" என்றும் கேட்டார். மௌனகுருவுக்கு மௌனம் கைகூடிய அபூர்வ தருணம் அது.

அக்கா மகன் கல்லூரியில் சேர்ந்ததும் இவரிடம்தான் வந்தான். "மாமா, எண்பதாயிரம் பட்ஜெட். கண்ணாடிக் கேபினட், லைட்டெல்லாம் வேணும்." பேரம் நடந்தது. லைட்டுக்கு அனுமதி, பதிலுக்குக் கேபினட்டின் முன்பக்கம் வலை. கார்டு 4060தான். அதற்கு மேலே ஆசைப்பட்டால் கரண்ட் பில்லை அம்மாவிடம் நீயே காட்டு என்று சொல்லிவிட்டார். மாட்டி முடித்ததும் பயாஸைத் திறந்து, 60 டிகிரி வரை ஃபேன் வேகம் ஏறாமல் ஒரே சீராக ஓடவும், அதன் பிறகும் திடீரென்று பாயாமல் சில வினாடி பொறுத்து மெல்ல ஏறவும் செய்தார். பிரவுசரைத் திறந்தாலே பிராசசரின் சூடு ஒரு நொடி துள்ளும். அதற்கெல்லாம் ஃபேன் கூடவே ஏறி இறங்கினால் அந்த ஏற்ற இறக்கம்தான் எரிச்சல். சீரான சத்தத்தைக் காது அரைமணியில் மறந்துவிடும். பைசா செலவில்லாத இந்த வைத்தியம்தான், அவர் சொல்வதிலேயே ஊருக்கெல்லாம் உதவக்கூடியது.

மறுநாள் காலை அக்காவிடமிருந்து போன்.

"ஏன்டா, அந்தக் கார்டுல ரெண்டு ஃபேனும் சுத்தவே மாட்டேங்குது. தொட்டுப் பாத்தாலும் அசையல. சூடு ஏறுனாத்தான் சுத்தும்னு இவன் என்னமோ கதை சொல்றான். ரிப்பேர் பீஸைத் தலையில கட்டிட்டானா கடைக்காரன்?"

மௌனகுரு போனை ஸ்பீக்கரில் போட்டார். மனைவியைக் கூப்பிட்டார், அம்மாவையும் கூப்பிட்டார்.

"அக்கா, இப்ப சொன்னியே, அதை இன்னொரு தடவை சொல்லு."