நாய் உட்கார்ந்த இடமே உச்சி

நாயைக் கூட்டிக்கொண்டு மலையேறப் போய்ப் பாதியில் திரும்பியவர்கள் பெரும்பாலும் பழியை நாயின் மேல்தான் போடுவார்கள். இந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்பதில்லை. எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்தப் பாதை, உச்சியில் எந்தப் பாறை மேல் நின்று படம் எடுப்பது என்பதெல்லாம் முந்தின இரவே முடிவாகிவிடுகிறது. நாய்க்குத் தெரியவருவது மறுநாள் காலையில் கழுத்துப்பட்டையை எடுக்கும்போதுதான். கலந்து பேசாமல் போட்ட திட்டத்துக்கு வீட்டில் இருக்கும் மனிதர்களே ஒத்துழைப்பதில்லை. நாயிடம் மட்டும் எதிர்பார்ப்பது என்ன நியாயம்? என் கட்சி இதுதான்: நாயோடு போகும் நடையில் அது எங்கே உட்காருகிறதோ அதுதான் அன்றைய உச்சி.

2020 ஜூலையில் இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். அந்த நாட்டிலேயே உயரமான மலை ஸ்காஃபெல் பைக், 978 மீட்டர். அங்கே போன டெய்சி என்ற செயின்ட் பெர்னார்டு நாய், இறங்கும் வழியில் பின்னங்கால் வலி தாங்காமல் உட்கார்ந்துவிட்டது. எழுந்திருக்க மாட்டேன் என்றும் தெளிவாகக் காட்டிவிட்டது. எடை 55 கிலோ. வாஸ்டேல் மலை மீட்புக் குழுவிலிருந்து 16 பேர், சம்பளம் வாங்காத தொண்டர்கள், ஏறி வந்தார்கள். கால்நடை மருத்துவர்களிடம் யோசனை கேட்டார்கள். தின்பண்டம் காட்டி ஸ்ட்ரெச்சரில் படுக்கச் சம்மதிக்க வைத்தார்கள். எல்லாம் முடிய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆயிற்று. சுமந்தவர்கள் வேர்த்து விறுவிறுக்க, தலைமாட்டில் மோவாயை வைத்துக்கொண்டு ஊர்வலம் போன அந்த நாயைவிட நிம்மதியாக அன்று அந்த மலையிலிருந்து இறங்கியவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

"செயின்ட் பெர்னார்டு மலைக்கென்றே பிறந்த இனமாயிற்றே, மனிதர்களைக் காப்பாற்றிய பரம்பரையாயிற்றே" என்று கேட்பார்கள். உண்மைதான். ஸ்விட்சர்லாந்து, இத்தாலி எல்லையில் 2,469 மீட்டர் உயரத்தில் இருக்கும் செயின்ட் பெர்னார்டு கணவாயில், துறவிகளோடு சேர்ந்து பனியில் சிக்கிய வழிப்போக்கர்களைத் தேடிய நாய்கள் அவை. நாற்பது பேரைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படும் பாரி என்ற நாயின் பாடம் செய்த உடல் பெர்ன் அருங்காட்சியகத்தில் இன்னும் நிற்கிறது. அதைப் பார்க்கிறவர்கள் முதலில் ஏமாந்துபோவது அதன் அளவைப் பார்த்துத்தான். இன்றைய செயின்ட் பெர்னார்டோடு ஒப்பிட்டால் பாரி சின்ன நாய். பிற்பாடு நியூஃபவுண்ட்லாந்து இனத்தோடு கலந்தார்கள். நீண்ட ரோமம் வந்தது, அதில் பனி ஒட்டிக் கட்டியாயிற்று, மீட்பு வேலைக்கு அது பாரமானது. உடம்பு மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை பெருத்தது. கழுத்தில் பிராந்திப் பீப்பாய் என்பதும் 1820-இல் லேண்ட்சீர் என்ற ஓவியர் கட்டிவிட்டது. ஆக, கொள்ளுத்தாத்தாவின் பெயரைச் சொல்லிப் பேத்தியை மலையேற்றுகிறோம். குடும்பப் பெருமையால் மூட்டு வலி குறைந்ததாக எந்த வீட்டிலும் கேள்விப்பட்டதில்லை.

இன்னொரு வாதம் கொஞ்சம் வலுவானது: நாய்தானே வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் ஓடுகிறது, யார் கட்டாயப்படுத்தினார்கள்? நாய் நன்றியுள்ள பிராணி என்று பள்ளிக் கட்டுரையில் எல்லோரும் எழுதியிருக்கிறோம். ஆபத்தே அந்த நன்றியில்தான் இருக்கிறது. கூப்பிட்டால் வரும், முடியாதபோதும் வரும். அவிழ்த்துவிட்டால் முன்னால் ஓடி, திரும்பி வந்து பார்த்து, மறுபடி ஓடி, நாம் நடக்கும் தூரத்தைவிட அதிகமாகவே நடந்து தீர்க்கும். நம்மைப் போல உடம்பு முழுக்க வேர்த்துச் சூட்டைத் தணிக்க அதனால் முடியாது. பாதத்தில்தான் கொஞ்சம் வேர்க்கும், மற்றதெல்லாம் நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பதில்தான். செருப்பும் கிடையாது. வாலாட்டல் கிளம்புவதற்கான சம்மதம்தான், அதை உச்சி வரைக்கும் நீட்டிக்கொள்வது நாம்.

"உச்சியைத் தொடாமலா திரும்புவது?" என்பவர்களுக்கு 2012-இல் அமெரிக்காவின் கொலராடோவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அது சிரிக்கிற விஷயமில்லை. மவுண்ட் பியர்ஸ்டாட் பகுதியில் 13,000 அடிக்கு மேல், பாதம் கிழிந்து நடக்க முடியாமல் போன மிஸ்ஸி என்ற ஜெர்மன் ஷெப்பர்டு நாயை, புயல் நெருங்கும் நேரத்தில் அங்கேயே விட்டுவிட்டு இறங்க வேண்டியதாயிற்று. எட்டு நாள் கழித்து, முன்பின் தெரியாத தொண்டர்கள் ஏறிப்போய் முதுகுப்பையில் வைத்துச் சுமந்து இறக்கினார்கள். பிறகு வழக்கும் வந்தது. உச்சி ஒன்று இருப்பதே நாய்க்குத் தெரியாது என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். அதன் கணக்கில் முதல் புதரை மோந்து பார்த்தபோதே பயணத்தின் பாதிப் பலன் கைக்கு வந்துவிட்டது.

நாயை வீட்டில் கட்டிப்போட்டுப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள், அதைத் தூக்கிக்கொண்டு சொந்த வீட்டு மாடிப்படியில் ஒருமுறை ஏறி இறங்கிப் பார்த்தால் போதும். எந்தப் படியில் மூச்சு வாங்குகிறதோ, அதற்கு மேல் உயரமுள்ள மலைக்கு உடன் வர ஆள் சேர்த்துக்கொள்ளலாம். டெய்சிக்குப் பதினாறு பேர் தேவைப்பட்டது.