மொட்டை மரமும் முழம் பூவும்

தோட்டக் கேள்விகள். இந்த முறை வந்ததெல்லாம் சரக்கொன்றையைச் சுற்றியே.

கே: ஓய்வு பெற்று ஊருக்கு வந்து அரை ஏக்கரில் வீடு கட்டியிருக்கிறேன். வாசலுக்கு அழகாக, தொந்தரவு தராத மரம் வேண்டும். குல்மொஹர் வைக்கலாமா? (மரக்காணம்)

ப: குல்மொஹர் அழகுதான், புயல் வரும்வரை. 2016 டிசம்பரில் வர்தா அடித்து ஓய்ந்தபோது சென்னைத் தெருக்களில் படுத்துக் கிடந்தவற்றில் அதுவும் ஏராளம். வேர் மேலாக ஓடும், கிளை பொசுக்கென்று முறியும். கடற்கரைக்காரரான உங்களுக்கு இந்த மடகாஸ்கர் விருந்தாளி எதற்கு? நம் ஊர்ச் சரக்கொன்றை இருக்கிறதே. முப்பது, நாற்பது அடியோடு பெரும்பாலும் நின்றுவிடும். வறட்சி அதற்குப் பழக்கம். நாள் முழுக்க வெயிலும், தண்ணீர் தேங்காத மண்ணும் கொடுங்கள். சுவரிலிருந்து பதினைந்து அடி தள்ளி, இரண்டடிக் குழியில் நடுங்கள். மின்கம்பிக்கு அடியில் மட்டும் வேண்டாம். பிறகு மின்வாரியம் வந்து அழகு பார்க்கும்.

கே: ஒரு கை நிறையக் கொன்றை விதை போட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. கோளாறு விதையிலா, என் கையிலா? (பொள்ளாச்சி)

ப: இரண்டிலும் இல்லை, தோலில். காயை உடைத்துப் பாருங்கள். காசு அடுக்கியதுபோல மெல்லிய தடுப்புகள், அறைக்கு ஒரு விதை, சுற்றிலும் கறுத்து ஒட்டும் சதை. விதையைக் கழுவினால் தவிட்டு நிறத்தில் பளபளக்கும். அந்தப் பளபளப்புதான் பூட்டு. தண்ணீர் உள்ளே போகாது. காட்டில் கரடி காயைத் தின்று, விதையைத் தன் வயிற்றில் பதப்படுத்தி, எருவோடு விதைத்துவிட்டுப் போகும். உங்களிடம் கரடி இல்லாததால் நகவெட்டி.

விதையின் ஒரு முனையில் காம்பு ஒட்டியிருந்த சிறு தழும்பு தெரியும். முளை அந்தப் பக்கம்தான் இருக்கிறது, தொடாதீர்கள். எதிர்ப்பக்க ஓரத்தில் உள்வெள்ளை தெரிகிற அளவுக்குக் கிள்ளுங்கள். உப்புத்தாளில் தேய்த்தாலும் சரி. ஒரு ராத்திரி தண்ணீரில் போடுங்கள். காலையில் உப்பியிருப்பதை விதையுங்கள், உப்பாததை மறுபடி தேயுங்கள். ஆணிவேர் விறுவிறுவென்று இறங்கும் என்பதால் பை ஆழமாக இருக்கட்டும். பைக்குள்ளேயே வேர் சுருளும்வரை வைத்திருக்காமல் சீக்கிரம் மண்ணுக்கு மாற்றுங்கள்.

கே: மாசியில் என் கொன்றை இலையெல்லாம் கொட்டி விறகாய் நிற்கிறது. தினம் இரண்டு குடம் ஊற்றியும் துளிரக் காணோம். வெட்டிவிடலாம் என்கிறார் மாமனார். (கோவில்பட்டி)

ப: முதலில் மாமனாரிடமிருந்து அரிவாளை வாங்கி வையுங்கள். பிறகு ஒரு சின்னக் கிளையில் நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் மரம் உங்களை விட நலமாக இருக்கிறது. மரத்தின் தண்ணீர் வெளியே போகும் வழியே இலைதான். மழை இல்லாத மாதங்களில் அந்தச் செலவை நிறுத்திவிட்டு மரம் சும்மா நிற்கும். சித்திரையில், இலை மறைக்காத கிளைகளிலிருந்து ஒரு முழச் சரமாகப் பூ தொங்குமே, அதற்கு முன்னேற்பாடு இந்த மொட்டைதான்.

குடத்தை இறக்கி வையுங்கள். நட்ட முதல் இரண்டு மூன்று கோடைக்கு வாரம் ஒரு தரம் நன்றாக நனையும்படி ஊற்ற வேண்டும், சரி. வேர் பிடித்த மரத்துக்கு மாசியில் தினம் தண்ணீர் காட்டினால் அது பூக்கிற யோசனையை விட்டுவிட்டு இலை விடப் பார்க்கும். காய்ச்சல் வந்த பிள்ளையைக் கவனிப்பதாக நினைத்துக்கொண்டு, தூங்குகிற பிள்ளையை எழுப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

கே: கொன்றை பயறு வகைக் குடும்பமாமே. தழைச்சத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும், எரு வேண்டாம்தானே? (தஞ்சாவூர்)

ப: குடும்பம் பெரிய குடும்பம்தான், ஆனால் தழைச்சத்தைச் சேர்த்துத் தரும் முடிச்சு இதன் வேரில் கிடையாது. ஆண்டுக்கு இரண்டு கூடை தொழு எரு போடுங்கள். யூரியா மூட்டையோடு கிளம்ப வேண்டாம்.

கே: நர்சரியில் சரக்கொன்றை என்று கொடுத்தார்கள். பூத்தும்விட்டது. ஆனால் சரம் தொங்காமல் மேலே பார்த்து நிற்கிறதே? (கூடலூர்)

ப: சரமே இல்லாதது எப்படிச் சரக்கொன்றையாகும்? உங்களிடம் இருப்பது சென்னா இனத்தில் ஒன்று. கொன்றையின் சிற்றிலைகள் அகலமாக, உள்ளங்கை நீளத்துக்கு இருக்கும். ஒரு காம்பில் அதிகம் போனால் எட்டு ஜோடி. உங்கள் மரத்தில் சிறிதாகப் பத்துப் பதினைந்து ஜோடி இருந்தால் அது சென்னா ஸ்பெக்டாபிலிஸாக இருக்கலாம். தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த மரம். இன்று முதுமலையிலும் வயநாட்டிலும் காட்டையே மூடிக்கொண்டு, மற்ற செடிகளைத் தலையெடுக்க விடுவதில்லை. முதுமலையில் வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். நீங்கள் இருப்பதோ அந்தக் காட்டு வாசலில். அதுதான் என்றால் காய் முற்றுவதற்குள் வேரோடு எடுத்துவிடுங்கள். இதில் மட்டும் மாமனாரின் அரிவாளுக்கு என் ஆதரவு உண்டு.

கே: ஏழு வருஷமாகிறது. ஒரு பூ இல்லை. தை மாதம் தவறாமல் கிளை கழிக்கிறேன், புல்தரைக்குப் பாய்ச்சும் தண்ணீர் அதற்கும் போகிறது, பக்கத்து வேம்பு நிழலும் தருகிறது. (ஈரோடு)

ப: கேள்வியிலேயே பதிலை எழுதிவிட்டீர்கள். விதையிலிருந்து வந்த மரம் பூக்க ஐந்து முதல் எட்டு ஆண்டுகூட ஆகும், அது மரத்தின் உரிமை. மற்றதெல்லாம் உங்கள் கைங்கரியம். கிளை கழிப்பதைப் பூ முடிந்து ஆனி, ஆடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: பச்சைப் புழுக்கள் துளிரையெல்லாம் தின்கின்றன. எந்த மருந்து? (மதுரை)

ப: பத்து நாள் பொறுமை. அவை வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் பிள்ளைகள். கொன்றை இலை அவற்றின் சொந்தச் சாப்பாடு. வளர்ந்த மரம் மறுபடி துளிர்த்துக்கொள்ளும். கன்றாக இருந்தால் மட்டும் கையால் பொறுக்கிப் பெரிய மரத்தில் விடுங்கள்.

கே: விஷுவுக்குப் பூக்க வேண்டிய கொன்றை மாசியிலேயே பூக்கிறதே, பருவநிலை மாற்றமா? (நாகர்கோவில்)

ப: வெயில் முன்னதாக ஏறினால் அதுவும் முந்துகிறது. உங்கள் பக்கத்துக் கேரளச் சந்தையில் இப்போது விஷுக்கணிக்குப் பிளாஸ்டிக் கொன்றை தொங்குவது அதனால்தானோ என்னவோ. ஆனால் காலம் தவறிப் பூத்த பழி கொன்றைக்குப் புதிதல்ல. கார்காலத்தில் வருவதாகச் சொன்ன தலைவன் வரவில்லை, கொன்றையோ பூத்துவிட்டது. குறுந்தொகைத் தோழி என்ன செய்தாள்? பெய்தது கார் மழையே இல்லை, இந்த முட்டாள் மரம்தான் ஏமாந்துவிட்டது என்று தலைவியைத் தேற்றினாள். அவன் தப்பித்தான், மரம் மாட்டிக்கொண்டது.

கே: கொன்றை சிவனுக்கு உரியது, வீட்டில் வைக்கக் கூடாதாமே? (சிதம்பரம்)

ப: சிவன் ஆட்சேபித்ததாகத் தகவல் இல்லை.

கே: அழகாய்த் தொங்கும் கறுப்புக் காயைப் பேரன் உடைத்து நக்கிவிட்டான். (சேலம்)

ப: அந்தச் சதை பழைய பேதி மருந்து. நக்கினதோடு விட்டிருந்தால் வயிறு கொஞ்சம் பேசும். நிறையத் தின்றிருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள். அடுத்த ஆண்டு கைக்கெட்டும் காய்களை முற்றுமுன் அறுத்துவிடுங்கள்.

கே: பூவெல்லாம் என் புதுக் கார் மேலேயே கொட்டுகிறது. என்ன செய்ய? (திருச்சி)

ப: காரை நகர்த்துங்கள். அதற்குத்தானே சக்கரம் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.