எண்ணிக்கிட்டிருக்கேன்: வீட்டுத் தையலுக்கும் குரோஷாவுக்கும் திரும்புதல் பற்றி ஓர் ஆய்வு

சிலப்பதிகாரத்தின் இந்திர விழவூரெடுத்த காதை, புகார் நகரத்துக் கைவினைஞர்களை வரிசைப்படுத்தும்போது துன்னகாரரையும், அதாவது தையற்காரரையும், மறக்காமல் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே தையல் தமிழாய்வின் எல்லைக்குள் வந்து வெகுகாலம் ஆகிறது. ஆனால் கூலி எதுவும் வாங்காமல், தெருமுனைக் கடையில் ஆயத்த ஜாக்கெட் தொங்கிக்கொண்டிருக்கும்போதே, வருஷக்கணக்காக மூடிக் கிடந்த மெஷினைத் திறந்து உட்காரும் ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணியைப் பற்றி எந்தக் காதையும் பேசவில்லை. அவர் முகத்தில் அப்போது தெரியும் ஆறுதலுக்குக் காரணம் என்ன? இக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம். கள எல்லை எங்கள் தெரு; கூடுதல் தரவு தேவைப்பட்ட இடங்களில் அடுத்த தெரு.

முதலில் அகழாய்வு. கைவிடப்பட்ட தையல் மெஷின் எந்த வீட்டிலும் சும்மா இருப்பதில்லை, மேசையாகப் பதவி மாறிவிடுகிறது. மேலடுக்கில் இஸ்திரிக்குப் போகவேண்டிய துணி, அதன் கீழே செய்தித்தாள், அதன் கீழே யாரும் உரிமை கோராத ஒரு குடை. இழுப்பறையைத் திறந்தால் மண்ணடுக்குகள் தெளிவாகத் தெரியும்: கேஸ் ரசீதும் ரப்பர் பேண்டும் அண்மைக் காலம், பாபின்களும் சிக்குண்ட நூலும் இடைக்காலம், ஆக அடியில் துரு ஏறிய பிளேடு, பாதி தேய்ந்த டெய்லர் சாக், யாருடைய மார்பளவோ பென்சிலால் எழுதிய காலண்டர் தாள். கீழடியில் கிடைத்த பொருள்களின் காலத்தை அறிய மாதிரிகளை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. இங்கே அந்தச் செலவு இல்லை. கிளிப்பச்சை நூல்கண்டு ஒன்று அகப்பட்டால் போதும், அது எந்தக் கல்யாணத்து எந்தப் புடவைக்கு ஃபால்ஸ் தைத்தது என்பதை வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

திரும்புதலுக்குச் சிக்கனம்தான் காரணம் என்பது பரவலான கருதுகோள். சம்பந்தப்பட்டவர்களே இதைச் சொல்கிறார்கள். “ஒரு ஜாக்கெட்டுக்கு டெய்லர் என்ன கேட்கிறான் தெரியுமா?” என்று தொடங்கும் உரை தெருவில் எல்லா வீட்டிலும் பதிவாகியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நிற்காது. மெஷினின் தோல் பெல்ட் இற்றுப்போயிருக்கும். மெக்கானிக் வர வேண்டும். வந்தவர் எண்ணெய் விட்டுவிட்டு வேறு இரண்டு பாகத்தையும் குறை சொல்லிவிட்டுப் போவார். பிறகு லைனிங் துணி, ஹூக், அதே நிறத்தில் நூல். நூல் வாங்கப் போன கடையில் கட் பீஸ் கண்ணில் படும். இவ்வளவும் முடிந்து தைத்த முதல் ஜாக்கெட் அக்குளில் பிடிக்கும். ஆறுதலோ குறைவதே இல்லை. எனவே சிக்கனக் கருதுகோள் தள்ளப்படுகிறது.

அடுத்தது, முடித்த பொருளின் அழகுதான் ஆறுதல் தருகிறது என்பது. இதற்குக் குரோஷாவைச் சான்றாக எடுத்துக்கொள்வோம். வட்ட விரிப்பு ஒன்று தட்டையாக விழ வேண்டுமானால், குட்டைக் கண்ணியில் 6 போட்டுத் தொடங்கி ஒவ்வொரு சுற்றிலும் 6 கூட்டிக்கொண்டு போக வேண்டும். குறைத்துக் கூட்டினால் கிண்ணம்போல் குவியும். ஊருக்குப் போன மகளின் நினைப்பில் அதிகமாகக் கூட்டிவிட்டால் ஓரம் அலை அலையாகக் கிளம்பும். இந்த இரண்டாவது விளைவைக் குறை என்று சொல்பவர்கள் கணிதம் அறியாதவர்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா 1997இல் வேண்டுமென்றே கண்ணிகளைக் கூட்டிக் கூட்டிப் பின்னித்தான், காகிதத்தில் சரிவரக் காட்ட முடியாமல் மாணவர்களைத் திணறடித்த அதிபரவளையத் தளத்தைக் கையில் பிடித்துப் பார்க்கும்படி செய்தார். அவருக்குக் கிடைத்தது கணித உலகின் பாராட்டு. எங்கள் தெருவில் அதே தளத்தைப் பின்னியவருக்குக் கிடைத்தது, “என்ன இது, கீரைக்கட்டு மாதிரி?” என்ற மாமியாரின் கேள்வி.

மேலும் ஒரு வலுவான சான்று. இவ்விரிப்புகளின் பிறப்பிடம் தொலைக்காட்சிப் பெட்டியின் தலை. இன்று தொலைக்காட்சி சுவரில் ஒட்டிக்கொண்டது. அதற்குத் தலையே கிடையாது. உற்பத்தி நின்றதா? இல்லை. விரிப்புகள் ஃபிரிஜ்ஜுக்கும் மிக்ஸிக்கும் தண்ணீர் சுத்திகரிப்பானுக்கும் குடிபெயர்ந்தன. பொருளுக்கு இடம் இல்லாதபோதும் செயல் தொடர்கிறது என்றால், காரணம் பொருளில் இல்லை.

இங்கே காந்தியடிகளைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. 1924இல் ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர், எல்லா எந்திரங்களுக்கும் நீங்கள் எதிரியா என்று அவரைக் கேட்டார். (இந்த ராமச்சந்திரன்தான் பின்னாளில் மனைவி சௌந்தரத்தோடு சேர்ந்து திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை நிறுவியவர்.) காந்தி விதிவிலக்காகச் சொன்னது சிங்கர் தையல் மெஷினை. மனைவி கையால் தைத்துத் தைத்து அல்லல்படுவதைப் பார்க்கச் சகிக்காமல், அன்பினால் சிங்கர் இதைக் கண்டுபிடித்தார் என்பது அவர் நம்பிய கதை. 1851இல் காப்புரிமை பெற்ற ஐசக் சிங்கரின் வாழ்க்கை வரலாற்றைப் புரட்டியவர்கள், ‘மனைவி’ என்று ஒருமையில் எழுதுவதற்கே தயங்குவார்கள். போகட்டும். நமக்கு முக்கியம், மெஷின் பெண்ணின் வேலையைக் குறைக்கிறது என்ற கருத்து. களத்தில் கண்டது வேறு. அது வேலையைக் குறைக்கவில்லை. அவருக்கு ஓர் இடத்தில் உட்கார உரிமை கொடுத்தது.

இதுவே இவ்வாய்வின் மையக் கோட்பாடு. ஒரு வீட்டில் பெண் எழுந்திருக்க வேண்டாத நிலைகளைத் தரவரிசைப்படுத்திப் பார்த்தோம். பகலில் படுத்திருந்தால், “உடம்பு சரியில்லையா?” என்ற விசாரணை. புத்தகம் படித்தால், “சும்மாதானே இருக்கே, அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்து.” கைபேசி பார்த்தால் கேட்கவே வேண்டாம், பிள்ளைகளே உபதேசம் செய்வார்கள். சுலோகம் சொல்வதற்கு மதிப்பு உண்டு, ஆனால் அது நீண்டுகொண்டே போனால் வீட்டில் கவலை பிறக்கும். தையல் மெஷினில் உட்கார்ந்தவர் நிலை இவற்றைவிட உயர்ந்தது. கால் மிதியில், கை துணியில், காதில் மெஷின் சத்தம். கூப்பிட்டது கேட்கவில்லை என்றால் அது பொய்யும் ஆகாது. துணியில் கத்தரி வைத்திருக்கும் கட்டம் இன்னும் பாதுகாப்பானது. அப்போது குரல் கொடுத்துக் கழுத்து கோணிப்போனால் பழி யார்மேல் விழும் என்பது கணவருக்குத் தெரியும்.

ஆனால் உச்சி குரோஷாவுக்கே. மெஷின் ஓரிடத்தில் நிற்பது. குரோஷா ஊசியும் நூல்கண்டும் கைப்பையில் அடங்கும். ஆஸ்பத்திரி வரிசைக்கும், நாத்தனார் வீட்டுக் கூடத்துக்கும் கூடவே வரும். எல்லாவற்றுக்கும் மேலாக அதற்கு எண்ணிக்கை உண்டு.

“அம்மா, என் சார்ஜர் எங்கே?”

“இரு, எண்ணிக்கிட்டிருக்கேன்.”

“ஏம்மா, காபி...”

“இருபத்தாறு, இருபத்தேழு... இருங்க, விட்டுப்போயிடும்.”

களத்தில் இந்த வாசகத்தை மீறிய ஒருவரையும் பார்க்கவில்லை. காபி கேட்டவர் தானே அடுக்களைக்குப் போய் டிகாக்‌ஷன் எங்கே என்று சத்தமில்லாமல் தேடுகிறார். எண்ணிக்கை உண்மையா என்று சரிபார்க்க வீட்டில் யாருக்கும் தகுதி கிடையாது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். நூல் தீர்ந்துபோகுமே என்ற கவலையும் இல்லை: குரோஷா பின்னலில் முனையைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் உருவிக்கொண்டு மறுபடி நூலாகிவிடும். ஒரே கண்டை வைத்துக்கொண்டு வருஷம் முழுக்க எண்ணலாம்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. செய்வது யாருக்காவது உபயோகப்படுவதாகத் தோன்ற வேண்டும். “உனக்குத்தான்டி நைட்டி”, “பாப்பாவுக்கு கவுன்” என்ற அறிவிப்பு இல்லாமல் உரிமம் செல்லாது. தனக்கென்று ஒரு ஜாக்கெட் தைத்துக்கொண்ட அன்று குறுக்கீடுகள் கூடியதைக் கவனித்தோம்.

இந்த ஏற்பாட்டுக்கு நேர் எதிரான கதையும் இருக்கிறது, அது வேடிக்கையல்ல. ஆந்திரத்து நரசாபுரத்தில் ஏற்றுமதிக்காகக் குரோஷா லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். நாள் முழுக்கப் பின்னியும் அவர்களை வீட்டில் இருக்கும் மனைவிமார்கள் என்றும், பின்னுவது ஓய்வுநேரக் காரியம் என்றும் வகுத்து வைத்ததால்தான் அடிமாட்டுக் கூலி சாத்தியமாயிற்று என்று அவர் காட்டினார். அங்கே உழைப்பு ஓய்வு என்று எழுதப்பட்டது; எங்கள் தெருவில் ஓய்வு உழைப்பு வேடம் போட்டுக்கொள்கிறது. இரண்டு இடத்திலும் ஊசி ஒன்றுதான். நம் பக்கத்துச் சான்று வேண்டுவோர் இடையன்குடிக்குப் போகலாம். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல் வாழ்ந்த ஊர் அது. அதே ஊரில் அவர் மனைவி எலைசா பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது குரோஷா அல்ல, திண்டில் ஊசி குத்திக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போடும் வகை. இலக்கணத்துக்கு எத்தனையோ கருத்தரங்கு நடந்தாயிற்று. லேஸுக்கு என்ன நடந்தது என்று கேட்டால் நம் தமிழ்த்துறைகள் அவசரமாக வேறு வேலைக்குப் போய்விடும்.

கோட்பாட்டின் வரம்புகளையும் சொல்ல வேண்டும். ஆண்கள் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. எழுந்திருக்காமல் இருக்க அவர்களுக்கு ஊசி தேவைப்படுவதாகத் தெரியவில்லை. இன்னொரு சிக்கல் அடுத்த தெருவில் அண்மையில் எழுந்தது. ஒரு வீட்டில் மருமகளும் குரோஷாவில் இறங்கிவிட்டார். மாமியார் கூடத்தில் எண்ணிக்கொண்டிருக்கிறார், மருமகள் அறையில் எண்ணிக்கொண்டிருக்கிறார். அடுக்களையில் குக்கர் விசில் அடிக்கிறது. அதை எண்ணுவது யார் என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. பருப்பு மட்டும் அங்கே தினமும் குழைந்தே வருகிறது.