செத்த யானைக்கு நாற்பது கோடி

1987-ல் அந்தக் கட்டடத்துக்குக் கூரை இருந்தது. விலை 15 லட்சம் பவுண்ட். 1993-ல் கூரை இல்லை, மேற்குச் சுவரும் இல்லை. ஏழு கோடி பவுண்ட் கடனையும் தலையில் கட்டி, விலை ஒரு கோடி. 2006-ல் கூரை இன்னும் இல்லை. இரும்பெல்லாம் துரு. விலை 40 கோடி.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நம் ஊர்க் கணக்கு. லண்டன் கணக்கு வேறு. அங்கே யானை அழுக அழுக விலை ஏறும்.

தேம்ஸ் நதியின் தென்கரையில் நிற்கும் பேட்டர்சீ மின்நிலையத்தைத்தான் சொல்கிறேன். நான்கு வெள்ளைப் புகைபோக்கிகள், அறுபது லட்சம் செங்கல். வெளித்தோற்றத்தை வடிவமைத்தவர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். லண்டனின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டும் அவர் கைவேலைதான். கப்பலில் வந்த நிலக்கரி ஆற்றங்கரையிலேயே இறங்கி உள்ளே போகும், மின்சாரம் வெளியே வரும். உச்சகட்டத்தில் லண்டனுக்கு வேண்டிய மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இங்கிருந்து போனது. வீணாகும் வெப்பத்தைக்கூட விடவில்லை. அதை ஆற்றுக்கு அடியில் குழாய் போட்டு அக்கரைக்குக் கொண்டுபோய், சர்ச்சில் கார்டன்ஸ் குடியிருப்பில் வாழ்ந்த சாதாரணக் குடும்பங்களின் குளிரைப் போக்கினார்கள். அரசாங்கம் நடத்தினால் எல்லாம் விரயம் என்று நமக்குப் பாடம் எடுப்பவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுவார்கள்.

1983-ல் கடைசி உலை அணைந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பே 'பாதுகாக்கப்பட்ட கட்டடம்' என்று பட்டம் கட்டியாகிவிட்டது. அதாவது இடிக்கக் கூடாது. தானாக இடிந்தால் தடையில்லை.

அரசு விற்றது. வாங்கியவர் ஜான் புரூம். ஆல்டன் டவர்ஸ் என்ற கேளிக்கைப் பூங்காவின் முதலாளி. மின்நிலையத்துக்குள் ராட்டினம் சுற்றுவது அவர் கனவு. 1988-ல் பிரதமர் மார்கரெட் தாட்சர் தலைக்கவசம் மாட்டி வந்து திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1990-ல் திறப்பு விழா என்றார்கள். மூன்றரைக் கோடி என்ற செலவுக் கணக்கு 23 கோடியாக வீங்கியது. 1989 மார்ச்சில் வேலை நின்றது. அதற்குள் ஒரு காரியத்தை மட்டும் செவ்வனே முடித்திருந்தார்கள். உள்ளே இருந்த கொதிகலன்களை வெளியே எடுக்கக் கூரையைப் பிரித்திருந்தார்கள்.

மூடத்தான் மறந்துவிட்டார்கள்.

அப்புறம் இருபது வருடத்துக்கு மேல் மழை பெய்தது. லண்டன் மழை, அதற்குக் காலக்கெடு கிடையாது, ஒப்பந்தம் கிடையாது, சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தது. 2007-ல் அதிகாரிகள் கூடிக் கட்டடத்தின் பாதுகாப்புத் தகுதியை ஒரு படி உயர்த்தினார்கள். குடை பிடிக்கவில்லை. பதவி உயர்வு கொடுத்தார்கள்.

அந்த நாட்களில் விக்டோரியா நிலையத்திலிருந்து கிளம்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இந்தப் பாழைப் பார்க்கலாம். இறங்கிப் போனால் வேலி, காவலாளி, பூட்டு. உள்ளே போகும் பாக்கியம் சிலருக்கு உண்டு. சினிமாக்காரர்கள் போனார்கள், பேட்மேன் படத்துக்கு இந்த இடிபாடு தோதாக இருந்தது. கலைக்காட்சிக்காரர்கள் போனார்கள். மாதிரிக் கட்டடம் சுமந்த முதலீட்டாளர்கள் போனார்கள். 2010 ஏப்ரலில் கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் டேவிட் கேமரன் போனார். தன் கட்சியின் தேர்தல் அறிக்கையை வெளியிட அவர் தேர்ந்தெடுத்த இடம் இது. தாட்சர் காலத்தில் விற்றார்கள், தாட்சர் வந்து விழா நடத்தினார், கூரை போயிற்று. இருபத்திரண்டு வருடம் கழித்து அதே கட்சி அதே பாழுக்குள் நின்று, நாட்டைச் சீரமைக்க வாருங்கள் என்று மக்களை அழைத்தது. வெட்கம் என்றொரு பொருளை மின்நிலையத்தில் உற்பத்தி செய்ய முடியாது என்பது மட்டும் நிரூபணமாயிற்று.

இடையில் ஹாங்காங் பணம் வந்தது. பார்க்வியூ என்ற நிறுவனம் 1993 முதல் 2006 வரை வைத்திருந்தது. வரைபடங்கள் வந்தன, வல்லுநர்கள் வந்தார்கள், புகைபோக்கிகள் இனித் தேறாது என்ற அறிக்கை வந்தது. கூரை வரவில்லை. பிறகு அயர்லாந்துப் பணம். 40 கோடி கொடுத்து வாங்கியவர்கள் 300 மீட்டர் உயரத்தில் புதிதாக ஒரு 'பசுமைப் புகைபோக்கி' எழுப்பப்போவதாக 2008-ல் அறிவித்தார்கள். இருக்கிற நான்குக்கும் மேலே மழை ஒழுகுகிறது. ஐந்தாவது எதற்கு என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அதுவும் காகிதத்தோடு போயிற்று.

பிங்க் ஃபிலாய்ட் இசைக்குழு தன் இசைத்தட்டின் அட்டைப்படத்துக்காக 1976 டிசம்பரில் இந்தப் புகைபோக்கிகளுக்கு நடுவே ஒரு பலூன் பன்றியைக் கட்டிப் பறக்கவிட்டது. கயிறு அறுந்து, விமானங்களைக் கலவரப்படுத்தி, கென்ட் பகுதியில் போய் இறங்கியது பன்றி. இந்த வளாகத்திலிருந்து உண்மையில் வானேறிய திட்டம் பல காலத்துக்கு அது ஒன்றுதான்.

2011-ல் அயர்லாந்துக் கம்பெனியின் கடன் கழுத்தை நெரித்தது. கடன் பத்திரம் யார் கையில்? ஒன்று, லாயிட்ஸ் வங்கி. 2008 நிதி நெருக்கடியில் பிரிட்டிஷ் மக்கள் வரிப்பணத்தில் பிழைத்த வங்கி. இன்னொன்று, அயர்லாந்து வங்கிகளின் வாராக்கடனைச் சுமக்க அந்நாட்டு அரசு ஏற்படுத்திய நாமா. ஆக, பொதுமக்களிடமிருந்து 15 லட்சத்துக்குப் போன சொத்து, இரண்டு நாட்டுப் பொதுமக்களின் தலையில் கடனாக வந்து உட்கார்ந்தது. லாபம் வந்தால் தனியார். நட்டம் வந்தால் நாம். இதற்குச் சந்தைப் பொருளாதாரம் என்று பெயர். பள்ளியில் சொல்லித் தருகிறார்கள்.

2012-ல் மலேசியர்கள் வாங்கினார்கள். மறுபடி 40 கோடி. எஸ்.பி. செத்தியா, சைம் டார்பி, ஊழியர் சேமநிதி வாரியம் என்ற மூவர் கூட்டணி. 2013 ஜூலையில் தொடக்க விழாவுக்கு, அதற்குள் பிரதமராகிவிட்ட கேமரனும் மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக்கும் வந்தார்கள். நஜிப் 2020-ல் தன் நாட்டு அரசு நிறுவனப் பணம் தொடர்பான ஊழல் வழக்கில் தண்டிக்கப்பட்டது தனிக்கதை; இந்தக் கட்டடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் இந்த வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டவர்களின் ஜாதகங்களை ஒருவர் தொகுக்கலாம்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மலேசியர்கள் கட்டினார்கள். நான்கு புகைபோக்கிகளையும் இடித்து, அதே அச்சில் புதிதாக வார்த்தார்கள். கூரை வந்தது. 2022 அக்டோபரில் கதவு திறந்தது. உள்ளே கடைகள், மேலே ஆப்பிள் அலுவலகம், அதற்கும் மேலே கோடீஸ்வர வீடுகள். 110 கோடி பவுண்ட் செலவில் பாதாள ரயில் வாசல்வரை வந்தது. வராதது ஒன்றுதான். எளியவர்களுக்கென்று 636 வீடு தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். 2017-ல் அது 386 ஆனது. மொத்தம் 4,239 வீட்டில். செலவு கூடிவிட்டதாம். வாண்ட்ஸ்வொர்த் நகராட்சி தலையாட்டியது. கூடிய செலவை மாடியில் இருப்பவனிடம் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு காலத்தில் கழிவு வெப்பத்தில்கூட ஏழைக்குப் பங்கு கொடுத்த கட்டடம் இது.

2019-ல் இன்னொரு வேடிக்கை. மின்நிலையக் கட்டடத்தை மட்டும் சுமார் 160 கோடி பவுண்டுக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான பி.என்.பி-யும் அதே சேமநிதி வாரியமும். விற்ற செத்தியாவிலும் சைம் டார்பியிலும் பெரும் பங்கு வைத்திருப்பது யார்? அதே பி.என்.பி. இடக்கை விற்றது, வலக்கை வாங்கியது, நடுவில் நின்ற தரகருக்கும் வக்கீலுக்கும் வயிறு நிறைந்திருக்கும்.

சேமநிதி என்றால் வானத்திலிருந்து விழுந்த பணம் இல்லை. மலேசியத் தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 11 ரிங்கிட் மாதாமாதம் பிடிக்கிறார்களே, அது. சைம் டார்பி 1910-ல் ரப்பர் தோட்டக் கம்பெனியாகப் பிறந்தது. மலாயாவின் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று தமிழ் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகளும் இன்று சேமநிதியில் உறுப்பினர்கள். ஆகவே தேம்ஸ் கரையில் அவர்களுக்கும் ஒரு செங்கல் சொந்தம்.

வடமேற்குப் புகைபோக்கிக்குள் இப்போது கண்ணாடி லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். 109 மீட்டர் உயரத்திலிருந்து லண்டனைப் பார்க்கலாம். டிக்கெட் உண்டு. சேமநிதி உறுப்பினருக்குத் தள்ளுபடி உண்டா என்று மலேசியாவின் கிள்ளானில் யாராவது விசாரித்துச் சொன்னால் நல்லது.