சைலன்சர் என்னும் மங்கல வழக்கு

கருப்பு ஆட்டையும் வெள்ளாடு என்பது மங்கல வழக்கு. சுடுகாட்டை நன்காடு என்பதும் அதுவே. நன்னூலுக்கு உரை கண்டவர்கள் இப்படிச் சில எடுத்துக்காட்டுகளோடு நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் காலத்தில் புல்லட் இல்லை. விடுபட்ட எடுத்துக்காட்டாகப் புதுப்பேட்டையில் விற்கும் சைலன்சரைச் சேர்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் துணிபு. சத்தத்தை அடக்குவதால் சைலன்சர் என்பது காரணப்பெயர். சத்தத்துக்காகவே ஒருவன் அதை விலை கொடுத்து வாங்கும்போது அந்தப் பெயர் நன்காட்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

வரலாறு சுருக்கம். வண்டிப் புகைக்குழாயின் ஓசையை அடக்கும் கருவிக்கு அமெரிக்காவின் ரீவ்ஸ் சகோதரர்கள் 1897-இல் காப்புரிமை பெற்றார்கள். துப்பாக்கிக்குச் சைலன்சர் கண்டவர் ஹிராம் பெர்சி மேக்சிம். அவருக்குக் காப்புரிமை கிடைத்தது 1909-இல். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த மேக்சிமின் மகன்தான் இவர். அப்பா கிளப்பிய சத்தத்தைப் பிள்ளை அடக்கினார். நம் தெருவில் முறை தலைகீழ்: அப்பா சைலன்சர் வைத்த வண்டி வாங்கித் தருகிறார், பிள்ளை அதை இயந்திரத் துப்பாக்கி ஆக்குகிறான்.

ஆய்வுக்களம், திருவொற்றியூரில் என் அக்கா வீடு. இந்தியப் புல்லட் பிறந்த ஊர் என்பதால் களத்தேர்வில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆய்வுப்பொருள், அக்கா மகன் வாங்கிய 350 சி.சி. பழைய கார்ப்பரேட்டர் வண்டி. அளவீட்டுக் கருவி, சமையலறை மேடையில் இருக்கும் எவர்சில்வர் டபரா டம்ளர்.

புதுப்பேட்டைக் கடைக்கு நானும் போனேன். சைலன்சர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. பஞ்சாப், இந்தூரி, ஷார்ட் பாட்டில், லாங் பாட்டில், மெகாபோன். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதுபோல இவை குழூஉக்குறிகள். வெளியாள் கேட்டால் ஏதோ ரயில் நிலையமும் மதுக்கடையும் கலந்த பட்டியல் என்று நினைப்பான். ஷார்ட் பாட்டிலைப் பூட்டிக் கிக்கரை உதைத்ததும் மருமகன் கேட்டான்: “மாமா, பிக்கப்பு எப்படி?” வண்டி அப்போது ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது.

இங்கே சற்று இயந்திரவியல் தேவைப்படுகிறது. நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். ஒற்றைச் சிலிண்டர் வண்டி நின்ற இடத்தில் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று ஓடினால் வினாடிக்கு எட்டு வெடி. புல்லட்டின் ‘டக் டக்’ தனித்தனியாகக் காதில் விழுவது இதனால்தான். கம்பெனி சைலன்சருக்குள் அறைகளும் துளையிட்ட குழாய்களும் உண்டு. ஒலியலைகள் அவற்றில் முட்டித் திரும்பி ஒன்றையொன்று தின்றுவிடும். ஷார்ட் பாட்டிலில் அறை கிடையாது. நேராக ஒரு துளைக் குழாய், அதைச் சுற்றிக் கிளாஸ் வுல், அவ்வளவுதான். தடை குறைந்தால் திறன் கூடும் என்பது பொய்யல்ல, பந்தய வண்டிகளில் மெய்யும்கூட. ஆனால் அதற்கேற்பப் பெட்ரோலும் கூட வேண்டும். “ஜெட்டு மாத்தாம ஓட்டினா பெண்டு பைப்பு நீலமாயிடும் தம்பி” என்று மெக்கானிக் அண்ணன் அன்றே சொன்னார். ஒரு மாதத்தில் ஆனது. மருமகனோ அந்த நீலத்தைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் வைத்தான்.

செயல்திறன் சோதனை: வீட்டிலிருந்து தேரடி வரை. பழைய சைலன்சரோடு நான்கு நிமிடம், புதியதோடும் நான்கு நிமிடம், இரண்டு முறையும் நடுவில் அதே மாடு. இருபது குதிரைத் திறன் கொண்ட வண்டிக்குச் சைலன்சர் மாற்றிக் கூடுதலாகக் கிடைத்த குதிரை, ஐயனார் கோயில் மண்குதிரை என்று கொள்க. கம்பீரம் உண்டு, நகராது. டபரா டம்ளரோ வண்டி தெருமுனையில் திரும்பும்போதே கிணுகிணுக்கத் தொடங்கியது. 175 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்கு உற்பத்தி நிலையிலேயே 80 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் பத்து ஏறினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு பங்காகக் கேட்கும், ஒலியின் ஆற்றலோ பத்து மடங்கு. அந்தப் பத்து மடங்கு முழுவதும் எதிர்வீட்டுக் கைக்குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தது.

இனி நீடுழைப்பு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கும். நீண்ட தூரம் ஓடினால் சூட்டில் ஆவியாகிவிடும். பால் பாக்கெட் வாங்க ஓடினால் சைலன்சருக்குள்ளேயே தங்கி உள்ளிருந்து அரிக்கும். வெளியிலிருந்து அரிக்கத் திருவொற்றியூர்க் கடற்காற்று இருக்கிறது. மெல்லிய தகடு, அதன்மேல் பேருக்குக் குரோம். முதல் சைலன்சர் எட்டு மாதம் தாங்கியது. அதற்கு முன்பே உள்ளே இருந்த பஞ்சு எரிந்து தூள்தூளாகப் பின்வாசல் வழியே போய்விட, சத்தம் தகரக் கொட்டகையில் பெய்யும் மழை போலாயிற்று. அந்த வாரம் அக்கா வீட்டில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் இரண்டு காணாமல் போயின. வேலைக்காரப் பெண்மேல் வந்த ஐயம், மருமகன் ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவருமாகப் பிடிபட்டதும் நீங்கியது.

இரண்டாவதற்குப் பிராக்கெட்டில் விரிசல். வெல்டிங் வைத்தார்கள், வெல்டிங்குக்குப் பக்கத்தில் விரிந்தது. மூன்றாவதைப் போக்குவரத்துக் காவலர் கழற்றி வாங்கிக்கொண்டார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் போட இடம் தருகிறது. இப்படிப் பறித்த சைலன்சர்களை வரிசையாகப் படுக்கவைத்து ரோடு ரோலர் ஏற்றும் காட்சியைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அவை ஓசையின்றி இருந்தது அப்போது மட்டும்தான் என்று எழுத ஆசை. நசுங்கும்போதும் கத்தத்தான் செய்கின்றன.

கடைசியில் வண்டியை விற்க முடிவாயிற்று. வாங்க வந்தவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு முதல் கேள்வியாகக் கேட்டது: “ஒரிஜினல் சைலன்சர் இருக்கா தம்பி?” இருந்தது. இரண்டு வருடமாகப் பரணில், பழைய வேட்டி சுற்றி, கொலுப் பொம்மைப் பெட்டிக்கும் வெண்கலப் பானைக்கும் நடுவே. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல், ஒரு புள்ளி துரு இல்லாமல், மூன்று சைலன்சர்களுக்கும் மூத்ததாய் இருந்து மூன்றையும் வழியனுப்பியிருந்தது. வாயில் மட்டும் குளவி மண்கூடு கட்டியிருந்தது. தென்னங்குச்சியால் குத்தி எடுத்துவிட்டுப் பூட்டினோம்.

மருமகன் உதைத்தான். சமையலறைக்குள்ளிருந்து அக்கா குரல் கொடுத்தாள்: “என்னடா, வண்டி ஸ்டார்ட் ஆகலையா?”